சாவி என் கையில்தான் இருந்தது

இரண்டாயிரத்து ஆறு என்று நினைக்கிறேன், ஒக்ரோபர் கடைசி. ஒஸ்லோவில் ரொம்மன் பக்கம் குடியிருந்தோம். வீட்டுக் காரை ஓட்டுவது நான்தான். என் கணவருக்கு லைசன்ஸே கிடையாது. முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பது என் வேலை. பனியில் நான் ஓட்டாத தெரு இல்லை.

குளிர்கால டயர் வாங்க இருவரும் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் இவருக்குத்தான் கைகொடுத்தார், கதையும் இவரோடுதான். மலைப்பக்கம் ஓட்டுவீர்களா என்று கேட்க, இவரும் கூச்சமே இல்லாமல் "யா, யா" என்று தலையாட்டினார். பனியில் வழுக்காமல் பிடிக்க ஆணி பதித்த டயர் இருக்கிறதா என்று கேட்டது நான், பதில் போனது இவருக்கு! பிறகு பளபளக்கும் அலுமினிய றிம்மோடு, பாவித்த டயர் நான்கைக் கடைக்காரர் உருட்டி வந்தார். இவருக்கு வாயெல்லாம் பல். நான் டயரை விரலால் அழுத்திப் பார்த்தேன். கல்லாக இறுகிக் கிடந்தது. பழசு, பனியில் பிடிக்காது என்று இவரிடம் மெல்லச் சொன்னேன்.

"அவருக்குத் தெரியாததே? நீர் சும்மா இரும்" என்றார் இவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்நியருக்கு முன்னால் மனுசனை விட்டுக்கொடுக்கக் கூடாதாம், வாயை மூடிக்கொண்டேன். டயர் பூட்டக் கார்ச் சாவி கேட்டபோதும் கடைக்காரர் இவரிடம்தான் கையை நீட்டினார். எடுத்துக் கொடுத்தது நான். அப்போதும் அந்த ஆளுக்கு விளங்கவில்லை.

முதல் பனி விழுந்த காலை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். கார் கேட்கவேயில்லை. பக்கவாட்டில் வழுக்கிப் போய், பஸ் தரிப்பிடத்தில் நின்றவர்களுக்குக் கொஞ்சம் முன்னால், பனிக்குவியலில் முட்டி நின்றது. யாருக்கும் காயமில்லை. சின்னவள் மட்டும் விக்கி விக்கி அழுதாள்.

பிள்ளைகளை நடத்திக் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து அந்தக் கடைக்கே போனேன். கணவர் வரவில்லையா என்று கேட்டார் கடைக்காரர். அவருக்கு லைசன்ஸ் இல்லை, அன்றைக்கும் ஓட்டி வந்தது நான்தான் என்று நோர்வேஜிய மொழியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. பளபளத்த றிம்மோடு அந்தப் பழைய டயர்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு, கறுப்பு இரும்பு றிம்மில் புது ஆணி டயர் பூட்டித் தந்தார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்த என் கணவர் கேட்ட முதல் கேள்வி, அந்த வடிவான றிம் எங்கே என்பதுதான்.

"பின்னாலை இருந்தது உங்கடை பிள்ளையள்" என்றேன்.

அவர்கள் இருவர் மேலும் இருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே பேசாமல் நின்றேனே, அந்த என் மேல் உள்ள கோபம் மட்டும் முதல் பனி விழும்போதெல்லாம் திரும்ப வருகிறது.