பை-டூ பாதாம் பாலும் சமான பின்னமும்

பின்னம் சொல்லிக் கொடுப்பவளுக்குப் பிள்ளைகள் இரண்டாவது தலைவலிதான். முதல் தலைவலி காலிங் பெல்லை அழுத்திவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்காரும். வீட்டு ஹாலில் பாய் விரித்து ட்யூஷன் எடுக்கும் என் சகோதரிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

நான் ஜோகுபாளையத்தில் நாலாங்கிளாஸ் பிள்ளைகள் நால்வருக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறேன். எட்டாவதோடு நின்றவள். பிள்ளைகளை அடக்கி உட்கார வைக்க அந்தப் படிப்பு போதும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள், சமான பின்னம் வரும்வரை.

ஏசி

நந்தினியின் அம்மா சுமதி, ஆபீஸ் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே வந்து நின்றாள். பரீட்சைத் தாளை நீட்டினாள். அரைக்குச் சமமான பின்னம் எழுதச் சொன்ன இடத்தில் நந்தினி கால் என்று எழுதியிருந்தாள். கீழே இருந்த இரண்டை நாலாக்கிவிட்டு, மேலே இருந்த ஒன்றை அப்படியே விட்டுவிட்டாள்.

"நீங்க எது வரைக்கும் படிச்சீங்கக்கா?" என்று சுமதி கேட்டபோது என் கணக்கு வேறு பக்கம் ஓடியது. நந்தினி போனால், அதே கட்டடத்திலிருந்து அதே ஆட்டோவில் வரும் மற்ற மூவரும் போவார்கள். அப்புறம் ஹாலில் நானும் பாயும்தான். சுமதி குரலை உயர்த்தாமலே சொன்னாள்: "அடுத்த டெஸ்ட்லயும் போச்சுன்னா இந்திராநகர் கிளாஸ்ல போட்டுடறேன்க்கா, அங்க ஏசியும் இருக்கு."

சப்பாத்தி

அன்று இரவுச் சாப்பாட்டுக்குச் சுட்ட சப்பாத்தி பலியானது. ஒன்றை இரண்டாக வெட்டி ஒரு துண்டை எடுத்து வைத்தேன். இன்னொன்றை நாலாக வெட்டி இரண்டு துண்டுகளை எடுத்து வைத்தேன். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஓரம்கூடப் பிசகாமல் பொருந்துகிறது பார் என்று காட்டினேன். அவ்வளவு அழகாக நான் சப்பாத்தி வெட்டியதே இல்லை.

நந்தினி குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் என்மேல் உண்மையான இரக்கம் இருந்தது. "ரெண்டும் ஒண்ணுதான்னா எதுக்கு ஆன்ட்டி கஷ்டப்பட்டு நாலா வெட்டினீங்க?"

கைதட்டல்

நந்தினியின் அப்பா ரமேஷ் தன் பங்குக்கு போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார். நாலு பதில் காட்டும். சரியானதைத் தொட்டால் ஒரு குரங்கு கை தட்டும். நந்தினி கேள்வியைப் படிப்பதே இல்லை. குரங்கு தட்டும்வரை நாலையும் வரிசையாகத் தொட்டாள். கையில் நோட்டைக் கொடுத்தால் மறுபடியும் கால்.

இதை ரமேஷிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். அவர் பக்குவமாகக் கேட்கவில்லை. "அவ்வளவு பெரிய கம்பெனி ஆப்பே கை தட்டுது, நீங்க மட்டும் தப்புங்கறீங்களேக்கா."

பை-டூ

தெருமுனையில் நின்றுகொண்டே சாப்பிடும் ஹோட்டல் ஒன்று உண்டு. இந்த ஊரில் இரண்டு பேர் சேர்ந்து போனால் ஒரு காபியை பை-டூ கேட்பார்கள். ஒன்றை இரண்டு டம்ளரில் ஊற்றித் தருவார்கள். புத்தகத்தில் இருக்கும் அதே ஒன் பை டூ. இதை விட்டுவிட்டுச் சப்பாத்தியை வெட்டினேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. பரீட்சைக்கு முதல் நாள் நால்வரையும் ஓட்டிக்கொண்டு போய், "டூ பை ஃபோர் பாதாம் பால்" என்றேன். கல்லாக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படி ஒண்ணு இல்லம்மா. பை டூ ரெண்டு" என்று திருத்திவிட்டு, உள்ளே பார்த்துக் கன்னடத்தில் "பாதாம் ஹாலு, பை டூ எரடு" என்று குரல் கொடுத்தார்.

நாலு டம்ளர் வந்தது. நந்தினி குடிக்காமல் யோசித்தாள். "நாலு பேருக்கு ஒரே பால் சொல்லியிருந்தா?"

"ஆளுக்குக் கால்தான்."

"அப்ப ஆளு டபுள் ஆனா பாலும் டபுள் ஆகணும். இல்லன்னா கொறஞ்சிடும்."

இத்தனை நாள் தொண்டை வற்றக் கத்தியது இதற்குத்தான். எனக்குக் கண் கலங்கப் பார்த்தது. அதற்குள் அவள் பக்கத்தில் நின்றவரின் முழு டம்ளரையும் தன் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். டம்ளர் காலியாகத் தெரியக்கூடாதென்று பை-டூவில் கொஞ்சம் தாராளமாகத்தான் ஊற்றுவார்கள். "இது ஹாஃப் இல்ல ஆன்ட்டி, முக்கால் இருக்கு" என்றாள், ஹோட்டல் முழுவதும் கேட்கும்படி. நான் வாயைத் திறப்பதற்குள் கல்லாக்காரர் முந்திக்கொண்டார்: "எங்க ஹோட்டல்ல பை டூன்னா அவ்வளவுதான் பாப்பா, பேசாம குடி."

விடைத்தாள்

தாள் திருத்தி வரும்வரை எனக்குக் காலிங் பெல் அடித்தாலே ஏசி ஓடும் சத்தம் கேட்டது. சுமதி வந்தாள், உட்கார்ந்தாள், தாளைப் பிரித்தாள். அரைக்குச் சமமாக 2/4, 3/6, 4/8 என்று நந்தினி எழுதிய அத்தனையும் சரி. பாஸ். இந்திராநகரைப் பற்றிப் பேச்சே இல்லை. "எங்க நந்தினிக்குச் சின்னதிலேர்ந்தே கணக்கு மூளைக்கா" என்றாள்.

பிறகு கடைசிக் கேள்வியில் விரலை வைத்தாள். ஒரு டம்ளர் பாலை இருவருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு என்பது கேள்வி. நந்தினி முக்கால் என்று எழுதி, பக்கத்தில் 'பை-டூ' என்று காரணமும் காட்டியிருந்தாள். ஸ்கூல் டீச்சர் சிவப்பு மையில் பெரிதாகச் சுழித்திருந்தார். நான் ஹோட்டல் கதையை மென்று விழுங்கிச் சொல்லி முடித்தேன். எட்டாவதைப் பற்றி மறுபடியும் கேட்கப் போகிறாள் என்று புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுமதி அந்த முக்காலை இன்னொரு தரம் பார்த்தாள். "முக்கால் ஊத்தறானா? எந்த ஹோட்டல்க்கா அது?"

பிள்ளை பாஸானால் அது பிள்ளையின் மூளை, பெயிலானால் அது நம்முடைய எட்டாங்கிளாஸ். சகோதரிகளே, மேலேயும் கீழேயும் எதால் பெருக்கினாலும் இந்த இரண்டும் ஒருநாளும் சமான பின்னம் ஆகாது.