உள்ளே யாராவது இருக்கீங்களா?

"காலி வீட்டுக்கு எதுக்குக்கா பூட்டு? திருடன் வந்தா சுவத்தையா தூக்கிட்டுப் போவான்?"

பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது. வாடகை வீடுகளைப் பராமரிக்கும் ஓர் ஆபீஸில், அந்தப் பூட்டைப் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போனதும் ஜன்னல், தண்ணீர் வால்வு, மெயின் சுவிட்ச் எல்லாவற்றையும் மூடிவிட்டு வாசலைப் பூட்ட வேண்டும். பட்டம் வாங்கிவிட்டு இதற்கு வந்தது ஏன் என்றால், காலி வீடு நம்மிடம் பேச்சுக் கொடுக்காது. புது மனிதரைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிற என் இனத்தாருக்கு இதன் அருமை தெரியும்.

பின்கதவு

முதல் வீடு ஜீவனஹள்ளியில், மாடி போர்ஷன். வாசலில் பூட்டைப் போட்டு, அதைப் பிடித்துத் தொங்கியும் பார்த்தேன். தெருவில் இறங்கி நின்று என் வேலையை நானே ரசித்துக்கொண்டிருந்தபோது, பூட்டிய வீட்டின் பால்கனிக்குக் கீழ்வீட்டு ஆன்ட்டி ஈரத்துணி வாளியோடு வந்தார். சமையலறைக்குப் பின்னால் இன்னொரு படிக்கட்டும் கதவும் இருந்ததை நான் பார்க்கவே இல்லை.

"பூட்டிட்டியாம்மா? சாவியைப் பத்திரமா வெச்சுக்கோ. நான் பின்பக்கமாவே போயிக்கறேன்."

சோப்பு

எங்கள் ஆபீஸில் ஒரு விதி உண்டு: பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு அறையிலும் நின்று, 'உள்ளே யாராவது இருக்கீங்களா?' என்று குரல் கொடுக்க வேண்டும். ஆளில்லாத வீட்டில் கத்துவதற்கும் எனக்குக் கூச்சம். நீலசந்திரா வீட்டில் மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். பதில் வரவில்லை. பெயிண்டர் செல்வம் அண்ணாவின் ஏணி வெளியே சாய்ந்திருந்ததால் அவர் கிளம்பிவிட்டார் என்று நினைத்து, எல்லாவற்றையும் மூடி, பூட்டிவிட்டு நடந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் ஆபீஸ் மேடத்தின் போன் வந்தது. திரும்பி ஓடினேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னால், முழங்கை வரை சோப்பு நுரையோடு செல்வம் அண்ணா நின்றிருந்தார்.

"பூட்டினதுகூடப் பரவால்ல மேடம். கை கழுவும்போது தண்ணியையும் நிறுத்திட்டீங்களே!"

தண்டனை

ஆபீஸ் மேடம் திட்டவே இல்லை. அதைவிட மோசமான ஒன்றைச் சொன்னார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நாளெல்லாம் ஆபீஸ்ல உக்காந்து கஸ்டமர் போன் எடுக்கணும், பார்த்துக்கோ."

குரல்

அந்தப் பயத்தில் ஹெப்பகோடி வீட்டில் வாயைத் திறந்தேன். முதலில் எனக்கே கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கத்தினேன். காலி வீடு அதை வாங்கிப் பெரிதாக்கித் தெருவுக்கு அனுப்பிவிட்டது. எதிர்வீட்டு அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து, கண்ணை மூடி நின்ற என் தோளில் கை வைத்தார்.

"போனவங்களுக்காக இப்படியா கத்துவாங்க? அழாதேம்மா, வேற நல்ல ஆளுங்க குடி வருவாங்க."

மறுபடியும் ஜீவனஹள்ளி

போன வாரம் ஜீவனஹள்ளியில் வேறொரு வீடு. அறை அறையாக நின்று, தெருநாய் குரைக்கும் அளவுக்குக் குரல் கொடுத்தேன். இப்போது வீட்டைவிட என் தொண்டைதான் அதிகம் திறந்து கிடக்கிறது.

"இருக்கேன் மேடம், இருக்கேன்!" கைநிறையப் பெயிண்டோடு செல்வம் அண்ணா ஹாலுக்கு வந்தார். "கை கழுவிட்டுக் கிளம்பிடறேன்."

"கழுவுங்கண்ணா, நான் வெயிட் பண்றேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பூட்டை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குழாயடியில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, அதையும் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போனார்.