சத்தம் அடங்கிய குழல்

லேக் மார்க்கெட்டுக்குப் பின்னாலிருக்கும் பட்டறையில் என் மகன் ஒரு பழைய காரைப் புதுப்பிக்கிறான். கார்புரேட்டருக்குக் காற்று இழுக்கும் பித்தளைக் குழல்கள், நேரானது ஒன்றும் வளைந்தது ஒன்றுமாக இரண்டைக் காட்டி, "எதைப் போடலாம்மா?" என்றான். நேரானதைப் பொருத்தி இன்ஜினை முடுக்கியபோது எழுந்த உறுமலில் எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிட்டது.

அப்போது பவானிப்பூரில் எங்கள் தெருவிலேயே அப்பாவிடம் மட்டும்தான் கார் இருந்தது. மாடியில் காசநோயோடு படுத்திருந்த அம்மா, தெருமுனையில் அந்த உறுமல் கேட்டதுமே, "அப்பா வந்துட்டார்டி" என்று தலைமுடியைச் சரிசெய்துகொள்வாள்.

நோயாளிக்குச் சத்தம் ஆகாது என்றார் டாக்டர். அப்பா கடைகடையாக ஏறி, சத்தத்தை அடக்கும் வளைந்த குழல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாட்டினார். எங்களிடம் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் அம்மாவுக்கு மூச்சு இரைத்தது.

"அப்பா இன்னும் வரலையாடி?"

"இல்லேம்மா, கார் சத்தமே கேக்கலையே."

மூன்று முறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

நான் அலறிக்கொண்டு கீழே ஓடினேன். அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வந்து அரைமணி ஆகியிருந்தது. அவள் தூங்குகிறாள், எழட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

காரியங்கள் முடிந்தபின் ஒருநாள், "அம்மா என்னைத் தேடினாளா?" என்று கேட்டார்.

"இல்லப்பா, தூங்கிண்டே இருந்தா."

அவர் இருந்தவரை நான் அதை மாற்றிச் சொல்லவில்லை.

மகன் இன்ஜினை அணைத்தான். "சத்தம் ஜாஸ்தியா இருக்காம்மா?"

"இருக்கட்டும்டா," என்றேன். "அதையே போடு."