ராஜமாணிக்கத்தின் தனி வயலின்

கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் லாரி எடைபோடும் வேலை பார்த்த ராஜமாணிக்கத்துக்கு ஊரில் ஒருவரையும் பிடிக்காது. அதிலும் தேவாலயச் சபையின் பாடகர் குழுத் தலைவர் சாலமோனைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். இருபது வருஷமாகச் சாலமோன் பாட, பக்கத்தில் நின்று வயலின் வாசித்தவர் அவர். சாலமோன் ஒரு நாளும் சுருதியை மதித்ததில்லை. அந்த மனிதர் சறுக்கி விழும் இடத்துக்கெல்லாம் வயலினும் இறங்கிப்போய் மானத்தைக் காப்பாற்றும். சபையார் மெச்சுவதோ சாலமோனை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனைவி முத்தம்மாவிடம் பொருமுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருஷம் ஒரு நாள், வெளிநாட்டுக்காரர் ஒருவர் புதிதாக இயற்றிய இசையை ரேடியோவில் கேட்டார். ஒரே ஒரு வயலின். பாட்டு இல்லை, பியானோ இல்லை, தாளம் போட ஆள் இல்லை.

"பாத்தியாடி? ஒருத்தன் தயவும் வோணாம். இத்தான் வித்தை."

"எண்ணெ போடாத கதவு மாரி கீது," என்றாள் முத்தம்மா.

இவளும் அந்தச் சபையில் ஒருத்திதானே என்று அலட்சியமாக விட்டுவிட்டு, தாமே ஒன்று இயற்ற உட்கார்ந்தார். மழைக்காலம் முழுக்க அதிலேயே போயிற்று. சாலமோன் இல்லாமலும் தம்மால் நிற்க முடியும் என்று ஊருக்குக் காட்ட வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

விளைச்சலைக் கொண்டுவந்து படைக்கும் அறுப்பின் பண்டிகையில் வாசிக்கப் போதகர் சம்மதித்தார். வயலை விட்டு ஆலைக்குப் போய்விட்ட சனம், சந்தையில் வாங்கின பூசணிக்காயைப் பீடத்தடியில் அடுக்கிவிட்டுக் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. ராஜமாணிக்கம் தந்தியில் வில்லை வைத்தார். சபை முழுவதும் எழுந்து நின்றது.

அவருக்கு மெய்சிலிர்த்தது. அப்புறம்தான் எல்லார் கையிலும் விரித்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். வயலின் கேட்டால் பாட்டு வரப்போகிறது என்று எழுந்து நிற்பது அவர்கள் வழக்கம். மடச்சாம்பிராணிகள்! பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார்.

"எந்த நம்பரு பாட்டு, அக்கா?" என்று முன்வரிசைக் கன்னியம்மா பக்கத்துப் பெண்ணைக் கேட்டாள்.

"யாரு கண்டா? காலு கடுத்துக்கினு கீது."

ராஜமாணிக்கம் பாட்டை மறந்து தவிக்கிறார் என்று சாலமோன் பரிதாபப்பட்டார். காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி ஒரு கீர்த்தனையை எடுத்துவிட்டார். சுருதி வழக்கம்போல எங்கேயோ கிடந்தது. சபை சந்தோஷமாகச் சேர்ந்துகொண்டது.

வில்லைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. முதல் அடி முடியுமுன் ராஜமாணிக்கத்தின் விரல்கள் அந்தத் தப்பான சுருதிக்கு இறங்கி, சாலமோன் பின்னாலேயே நடக்க ஆரம்பித்துவிட்டன.

ஆராதனை முடிந்ததும் சாலமோன் தோளில் தட்டினார். "பயப்படாதீங்கண்ணே, நான் கீறேன் இல்ல?"

ராஜமாணிக்கம் வயலினைப் பெட்டியில் வைத்து மூடினார். பாட்டு எழுந்த கணத்தில் தமக்கு வந்தது கோபமில்லை, 'அப்பாடா, இனித் தனியாக நிற்க வேண்டாம்' என்ற பெருமூச்சு. அது அவருக்கு மட்டும் தெரியும். அன்று முதல் அவர் இகழ்ந்தவர்களில் அவர் கண்ணுக்கு மிகக் கேவலமானவர் அவரேதான்.