உலைக்குள் பதிந்த ரேகை

ஆய்வுக்கூடத்தில் அவளைக் கலவைக்காரி என்றுதான் சொல்வார்கள். விமான இன்ஜினின் தகிக்கும் வயிற்றுக்குள் சுழலும் பிளேடுகளுக்கு நிக்கல் கலவை உருவாக்குவது அவள் வேலை. கூட்டுக் குடும்பம் நடத்துகிற பாடுதான் அதுவும். அலுமினியத்தைக் கூட்டினால் பலம் வரும், குரோமியத்தைக் கூட்டினால் அரிப்பு அண்டாது. இரண்டுக்கும் அளவுமீறி இடம் கொடுத்தால் உலோகம் முறுக்கிக்கொண்டு நொறுங்கிவிடும். பல வருடம் மல்லுக்கட்டி ஒரு கலவையை வழிக்குக் கொண்டுவந்திருந்தாள்.

அந்தக் கலவையில் வார்த்த கம்பியை உலைக்குள் எடை கட்டித் தொங்கவிட்டுச் சோதிப்பது அவள் கணவர்.

"நீ சமைக்கிறே, நான் தின்னு பார்க்கிறேன்" என்பார்.

கையுறை போடாமல் கம்பியைத் தொட்டவர்களை அவர் சும்மா விட்டதில்லை. வியர்வையின் உப்பு அந்தச் சூட்டில் உலோகத்தையே தின்றுவிடும்.

கடைசிக் கம்பி உலையில் இருக்கும்போதே நோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. எதிர்பார்த்ததில் பாதி நாள்கூடத் தாங்காமல் கம்பியும் அறுந்தது.

"அரிப்பு தாங்கலம்மா. இதை இத்தோட விட்டுடலாம்" என்றார் கூடத்தின் தலைவர்.

அவள் முறிந்த துண்டை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். வளைந்து வளைந்து அரித்த கோடுகள், நடுவில் குறுக்காக ஒரு தழும்பு. கல்யாணமான புதிதில் டப்பா திறக்கப்போய் அவர் பெருவிரலில் வாங்கிக்கொண்ட தழும்பு.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. சொன்னால் அவர் பெயர் கெடும், சொல்லாவிட்டால் கலவை போகும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு தலைவரிடம் போனாள்.

"கலவை மேல தப்பில்லை சார். வெறுங்கை பட்டிருக்கு."

"யார் கை?"

"எங்க வீட்டுக்காரர் கை. மருந்தால விரல் மரத்துப்போயிருந்துச்சு. வீட்ல டம்ளர்கூட நழுவும். கையுறையோட கம்பி முனையில இருக்கிற மரையைத் திருக முடியலைன்னு கழட்டியிருப்பார். வேலையை விட மனசில்லை, யார்கிட்டயும் சொல்லலை."

லென்ஸ் வழியே எடுத்த போட்டோவை நீட்டினாள். தலைவர் வாங்கிப் பார்த்தார். "போட்டோ மட்டும் போதாதும்மா. அந்த இடத்தை அறுத்து உள்ளே உப்பு இருக்கான்னு பார்க்கணும். வேற யாரையாவது அறுக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நானே அறுக்கிறேன்."

அறுத்தால் ரேகை போய்விடும். ஒரே ஒரு தடவை கையுறையைக் கழற்றி, அந்த ரேகைமேல் தன் பெருவிரலை வைத்துப் பார்க்க மனம் கிடந்து அடித்துக்கொண்டது. வைத்தால் அவள் கை உப்பும் அதில் சேரும், அவருக்காகச் சொன்ன உண்மை நிற்காது. கண்ணீரும் உப்புதான். கம்பியை மேசையில் வைத்துவிட்டு, ஜன்னலோரம் தள்ளிப்போய் நின்று அழுது முடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, புது உறை மாட்டி வந்து அறுத்தாள்.