வளராத பாறை

உங்கள் ஊரில் பாறை வளருமா? கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் வளர்கிறது என்கிறார்கள். பெருமாயியின் சாமைக் காட்டு நடுவே இருக்கிறது அந்தப் பாறை. விடிந்தும் விடியாததுமாக அவள் அதனருகே குந்தி, சாண் போட்டு அளக்கிறாள்.

"ரெண்டு சாண் நாலு வெரலு. நேத்தைக்கும் இதேதானுங்க" என்று மூச்சு விடுகிறாள்.

ஐம்பது வயதிருக்கும். பேசும்போது கண் நம்மீது நிற்காது. மேற்கே மரங்கள் அசைகின்றனவா என்று பார்த்தபடியே இருக்கும். அவள் கல்யாணமாகி வந்த நாளில் பாறை மண்ணோடு மண்ணாகக் கிடந்ததாம். ஆடிக்கு ஆடி காற்று மண்ணை வாரிப்போக, பாறை வெளியே வந்தது. ஊரார் மஞ்சள் பூசி, சாமி வளர்கிறது என்று கும்பிட்டார்கள்.

"சாமி வளரலீங்க, எங்காட்டு மண்ணு போகுது. இன்னும் ஒரு சாண்தான் மண்ணு. அதுக்குக் கீழ கல்லு."

காளப்பநாயக்கன்பட்டிச் சந்தைக்குப் பலாப்பழம் சுமந்து இறங்குகிறவள் வெறுங்கூடையோடு ஏறுவதில்லை. லண்டனுக்குக் கப்பலேறும் தோலைப் பதனிடும் ஷாப்பு ஒன்று அடிவாரத்தில் இருக்கிறது. தோல் ஊறியபின் அங்கே வெளியே கொட்டும் ஆவாரம்பட்டைச் சக்கையை அள்ளி வருகிறாள். முதல் வருஷம் அப்படியே பரப்பி, பயிர் கருகிப் போயிற்று. இப்போது ஒரு மழைக்காலம் முழுக்க நனையவிட்டு, கறை இறங்கிய பிறகே பரப்புகிறாள். ஈரத்தில் அது சாக்குப் போல மண்ணைக் கவ்விக்கொள்கிறது. போன ஆடியில் ஒரு விரல் மண்கூடப் போகவில்லை.

பாறையும் வளரவில்லை. வினையே அதுதான். தோல் ஊறிய சக்கை தீட்டாம். சாமி கோபித்து வளர்ச்சியை நிறுத்திவிட்டதாம். ஆடி முதல் வெள்ளியன்று ஆள் விட்டுச் சக்கையைச் சுரண்டி எரிக்கப்போகிறார் ஊர்க்கவுண்டர் அப்பாசாமி. நான் நிற்கும்போதே வந்தார்.

"ஏம் பெருமாயி, சாமிக்குச் செருப்புத் தைக்கறயா?"

"உங்க கால்ல கெடக்கறதும் இதுல ஊறுனதுதானுங்க."

"அது காலுக்கு. வெள்ளிக்கெழம பாரு."

பொங்கலுக்கு ஆவாரம்பூவைக் கூரையில் செருகும் ஊர் இது. பூ மங்கலம். அதே செடியின் பட்டை, தோலில் உழைக்கிறவன் கை பட்டதும் தீட்டு! சோறு போடும் மண் பறிபோவதைச் சாமியின் வளர்ச்சி என்று கும்பிடுகிறவர்களிடம் எதைச் சொல்லி வாதாடுவது?

சாமை இரண்டு விரல் முளைத்திருக்கிறது. சக்கையைச் சுரண்டினால் முளையும் கூடவே போகும். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

"நாலு பேரு வந்து நின்னாப் போதுங்க. நீங்க பத்திரிகையில எழுதுனா வருவாங்களா?"

அதற்குள் மேற்கே மரங்கள் இரைந்தன. குடிக்க வைத்திருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, சக்கையின் மேல் தண்ணீரைத் தெளித்தாள். குடத்துத் தண்ணீர் போதவில்லை. ஓரம் எழும்பிய இடத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி உட்கார்ந்துகொண்டாள்.

வெள்ளிக்கு இன்னும் ஒன்பது நாள். சேந்தமங்கலத்தாரே, நாமக்கல்லாரே, அன்று காலையிலேயே மலையேறி வாருங்கள்.