ஓடையோரத்துச் செவப்புக் கோடு

காஞ்சு கெடக்கற ஓடையப் பாத்துட்டு, "தண்ணி வந்தா எங்க வரைக்கும் வருங்க?"ன்னு வூடு வூடா கேக்கறதுதான் நம்ம பொழப்பு. கதவத் தட்டிப் பொழைக்கிற யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, மொதல்ல நாய் வரும், ஆளு அப்புறம்தான் வருவாங்க. எங்க மேடம், வெள்ளம் வர்ற எடத்தக் கணக்கெடுக்கற கவர்மெண்டு இன்ஜினீயரு. மூணு காலு மெஷின்ல கண்ண வெச்சிப் பாப்பாங்க. நம்பர் போட்ட நீளக் கட்டையப் புடிக்கிறதும், தண்ணி ஏறின எடத்துல செவப்பு பெயிண்ட்ல கோடு போடறதும் நானு. பள்ளிக்கூடத்துல ஒரு கோடு நேரா போட்டதில்ல, இப்ப அதுக்கே சம்பளம்.

கணுக்காலா, இடுப்பா

மூலக்குளத்துல ஒரு மாடி வூடு. பின்னாடி மனைய விக்க போர்டு வெச்சிருக்காங்க. வூட்டுக்காரரு, "தண்ணியா? கணுக்கால் நனையும், அவ்ளோதான்"னாரு. நாங்க நிவாரணம் குடுக்கப் போயிருந்தா அதே தண்ணி கழுத்துக்கு ஏறியிருக்கும். துணி காயவெச்சிக்கினு இருந்த அவரு சம்சாரம் சத்தமில்லாம இடுப்புல கைய வெச்சிக் காட்டுனாங்க. மேடம் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. அந்தம்மா சொன்னாங்க: "அவரு அன்னிக்கு மாடியவுட்டு எறங்கவே இல்ல. மாடியிலருந்து பாத்தா கடலே கணுக்கால்தான்."

பீரோவ நவுத்து

ஆளு மாத்திச் சொல்லுவாங்க, செவுரு சொல்லாது. ஆனா நம்ம ஜனம் பொங்கலுக்குப் பொங்கல் செவுத்துக்கு வெள்ள அடிச்சிடுது, தண்ணிக் கறை காணாமப் போயிடுது. அதனால பீரோவ நவுத்துவோம். அதுக்குப் பின்னாடி எவனும் அடிக்க மாட்டான். ஒரு வூட்ல நவுத்தினா, கறையும் இருந்துச்சி, ஒத்தக் கொலுசும் இருந்துச்சி. வூட்டுக்காரம்மா கொலுசத் தொடச்சிக்கினே புருஷனப் பாத்தாங்க. "இதுக்காவ உங்கம்மாகிட்ட ரெண்டு வருஷமா பேசல. இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது?"

கட்டிலு காலு

ஓடைய ஒட்டினாப்புல அஞ்சு வூடு. கடைசி வூடு கனகாக்காவோடது. அவங்க வூட்டுக்காரரு சேகரண்ணன் தட்டாஞ்சாவடி பட்டறையில மேலருந்து விழுந்தவரு, இடுப்புக்குக் கீழ அசைவு இல்ல, கட்டில்லயேதான். "உள்ள தண்ணி வந்ததே இல்ல"ன்னு அக்கா அடிச்சிச் சொன்னாங்க. நவுத்தறதுக்கு அங்க பீரோவும் இல்ல. ஆனா இரும்புக் கட்டிலோட நாலு காலும் சட்டம் வரைக்கும் ஒரே துரு. அதுக்கு மேல தலமாட்டுல பச்ச பெயிண்டு புதுசாட்டம் இருக்குது. நான் பாத்தேன். நான் பாத்தத அக்காவும் பாத்துட்டாங்க.

"கட்டிலு எங்கனா குளிக்கப் போயிருந்துச்சாக்கா?"ன்னேன். அக்கா சிரிக்கல. சேகரண்ணன்தான் வாயத் தொறந்தாரு: "அன்னிக்கு என்னைத் தூக்கினது இந்த நாலு வூட்டு ஆளுங்கதான் தம்பி. நீ கோடு போட்டா, வெள்ளம் வர்ற எடம்னு காலி பண்ணி, எங்கள எங்கயோ மூணாவது மாடியில தனியா கொண்டுபோயி வெப்பாங்க. அங்க என்ன யாரு தூக்குவா?"

கோணக் கோடு

கோடு இல்லன்னா இந்த வூட்டுக்குத் தண்ணி வருமுன்ன யாரும் தகவல் சொல்ல மாட்டாங்க. "போடுங்கண்ணே"ன்னாங்க மேடம். அப்புறம் நோட்டுல எழுதி அக்காவுக்குப் படிச்சிக் காட்டுனாங்க. நடக்க முடியாதவரு இருக்காரு, மொத போன் இங்கதான் பண்ணணும். எடம் மாத்தினா அஞ்சு வூட்டையும் சேத்தே மாத்தணும், இவங்களுக்குக் கீழ் வூடு குடுக்கணும்.

"மேல இருக்கறவங்க ஒத்துப்பாங்களா?"ன்னு அக்கா கேட்டாங்க. "தெரியலக்கா. எழுதாம வுட மாட்டேன்"னாங்க மேடம். அவங்களப் பாத்துக்கினே போட்டதுல கோடு கோணிக்கிச்சி. அக்கா கண்ணத் தொடச்சிக்கினு சொன்னாங்க: "போடறதுதான் போடற, நேராவாவது போடு."

நனையாத பீடி

ஐப்பசி மழையில ஓடைக்கு மேல இருக்கற ஏரி ரொம்பினதும், மத்தியானமே மேடம் அக்காவுக்குப் போன் போட்டாங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள நாலு வூட்டு ஆளுங்களும் கட்டிலத் தூக்கிட்டாங்க. நானும் ஒரு ஓரமா தோள் குடுத்தேன். பள்ளிக்கூடத்துல எறக்கி வெச்சப்புறம்தான் வூட்டுக்குள்ள தண்ணி பூந்துச்சி. எடம் மாத்தற காயிதம் இன்னும் ஆபீஸ்லதான் கெடக்குது, மேடம் வாரா வாரம் போய்க் கேக்கறாங்க. அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல சேகரண்ணன் தலவாணிக்கு அடியில தொழாவி, எடுத்துப் பாத்துட்டுச் சொன்னாரு: "போன தபா முதுவு நனைஞ்சப்புறம் தூக்குனாங்க. இந்த தபா பீடிகூட நனையல தம்பி."

தான் போட்ட கோட்டத் தண்ணி வந்து தொடக் கூடாதுன்னு சாமிய வேண்டிக்கினு வேல பாக்கறவன், பாண்டிச்சேரியிலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.